தேனும் நிறமும்

கல்முனைச் சந்தைக்கோ, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் கடைத்தெருக்களுக்கோ காட்டுத் தேன் விற்பனைக்கு வரும் நாளில் ஒரு காட்சியைக் காணலாம். வாங்க வந்தவர் போத்தலைக் கையில் எடுப்பார்; வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடிப்பார்; ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதனூடே நோக்குவார். தேன் கருஞ்சிவப்பாக இருந்தால் "இதுதான் அசல்" என்று தலையசைப்பார். வெளிர் மஞ்சளாக இருந்தால் "இது சீனிப்பாணி" என்று கூறிப் போத்தலைக் கீழே வைத்துவிடுவார். இந்த வழக்கு விசாரணைக்கு அரை நிமிடமும் செல்வதில்லை. சாட்சி ஒன்றே ஒன்று, அது நிறம்.

அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மட்டக்களப்பு நாட்டை 'மீன்பாடும் தேனாடு' என்று நம் முன்னோர் பெருமையுடன் வழங்கினர். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை, கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள நமது கரையோர ஊர்களும் அந்தத் தேனாட்டின் தென்பாகமாகவே இருந்தன. கிழக்கே கடல், இடையிலே வயல்வெளி, மேற்கே பட்டிப்பளை ஆறு என நாம் அழைக்கும் கல்லோயா பாயும் காடு. மீன் கடலிலிருந்தும், நெல் வயலிலிருந்தும், தேன் காட்டிலிருந்தும் வந்தன. இப்படிப்பட்ட நாட்டிலே பிறந்த நமக்குத் தேனைத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும் என்றுதான் என் வீட்டாரும் எண்ணியிருந்தனர்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொத்துவில் பக்கத்துக் காட்டிலிருந்து நடுவயதுடைய ஒருவர் தேன் கொண்டு வந்தார். அது வைக்கோலின் நிறத்தில், கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. என் தாயைப் பெற்றவரை நாங்கள் மூத்தம்மா என்போம். அவர் போத்தலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தேனா, தேத்தண்ணியா?" என்று கேட்டார். "புது வதையில் எடுத்த தேன், உம்மா" என்றார் வந்தவர். மூத்தம்மா நம்பவில்லை. அவர் வேறொன்றும் பேசாமல் போத்தல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை தெருவோடு போன ஒரு வியாபாரியிடம் கறுத்த தேன் வாங்கினோம். விலையும் அதிகம். இரண்டு மாதம் கழிந்தபோது அந்தப் போத்தலின் அடியில் கற்கண்டு போன்ற பெரிய பெரிய கட்டிகள் திரண்டு நின்றன. திறந்தால் கருகிய சீனியின் வாடை அடித்தது. அப்போதுங்கூட மூத்தம்மா, "நிறத்தைப் பார், அசல் தேன்தான்" என்று சொல்லிக்கொண்டே இருமலுக்கு அதைக் கரண்டியில் ஊற்றித் தந்தார். அந்தப் பொத்துவில் மனிதர் மறு ஆண்டும் வந்தார். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

தேனுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

முதலாவது காரணம் பூ. தேனீ பூவிலிருந்து உறிஞ்சும் மதுவில் சர்க்கரையும் நீரும் மட்டுமல்லாமல், அந்தந்தத் தாவரத்துக்கே உரிய நிறப்பொருள்களும் கனிப்பொருள் உப்புக்களும் சிறிதளவு உண்டு. ஒரு மரத்தின் தேன் ஏறத்தாழ நீரைப் போன்றிருக்கும். மற்றொன்றின் தேன் பொன்னிறமாக இருக்கும். வேறொன்றினது புளியங்கொட்டைத் தோலின் நிறங்கொண்டிருக்கும். நம் காடுகளில் பாலையும் வீரையும் நாவலும் வேம்பும் புளியும் ஒரே நாளில் பூப்பதில்லை. ஆகவே ஒரே காட்டில், ஒரே வகைத் தேனீ திரட்டிய தேனுங்கூடத் திங்களுக்குத் திங்கள் நிறம் மாறும். கருந்தேனில் கனிப்பொருள் உப்புக்கள் பொதுவாகச் சற்று மிகுதி என்பது உண்மையே. ஆனால் வெளிர்ந்த தேன் போலி என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று.

இரண்டாவது காரணம் வதை. புதிதாகக் கட்டிய மெழுகு வதை வெண்மையானது. புழுக்கள் வளர்ந்து வெளியேறிய பழைய அறைகள் வரவரக் கறுக்கும். அவற்றில் வைக்கப்பட்ட தேனிலும் அந்தக் கருமை ஊறும். வதையைப் புழுவோடும் மகரந்தத்தோடும் சேர்த்துப் பிழிந்தால் தேன் கலங்கிக் கறுக்கும். மூத்தம்மா திருப்பியனுப்பிய அந்தத் தேன் வெளிறியிருந்ததற்கு, அது புது வதையில் எடுக்கப்பட்டதே காரணமாக இருக்கக் கூடும்.

மூன்றாவது காரணம் வெப்பமும் காலமும். தேனைக் காய்ச்சினால் கறுக்கும். காய்ச்சாமல் வெப்பமான அறையில் ஆண்டுக்கணக்காக வைத்தாலும் கறுக்கும். தேனில் இயல்பாகவே அமிலத்தன்மை உண்டாதலால், இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தாலும் நிறம் இருளும். ஆகவே, கருமை என்பது சில வேளைகளில் காட்டின் கொடை. சில வேளைகளில் பழைமையின் தழும்பு. சில வேளைகளில் அடுப்பின் சூடு. மூன்றையும் வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் நம் கண்ணுக்கு இல்லை.

தேனீக்களிலும் வகையுண்டு. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பெரும் வதை தொங்கவிடும் பெருந்தேனீ. மரப்பொந்தில் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீ. சிறு கொம்பில் கையளவு கூடு கட்டும் கொம்புத் தேனீ. கொடுக்கில்லாத கொசுத் தேனீ. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயரான ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்றில் இந்நாட்டுத் தேனீக்களை வகை பிரித்தே குறிப்பிடுகிறார். நம் நாட்டு மருத்துவரும் மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன் என்று தேனுக்கு அது எடுக்கப்பட்ட இடத்தைக் கொண்டே பெயரிட்டனர். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் "எங்கே எடுத்தாய்?" என்ற கேள்விக்கு விடையாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

திருக்குர்ஆனிலே 'தேனீ' என்ற பெயராலேயே ஓர் அத்தியாயம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். பதினாறாவது அத்தியாயமாகிய அதன் 69ஆம் வசனம், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானம் பல நிறங்களையுடையது என்பதை வெளிப்படையாகவே சுட்டுகிறது. அதில் நிவாரணம் உண்டு என்ற செய்தியை நினைவில் வைத்துக்கொண்ட நாம், அதற்கு முன்னே சொல்லப்பட்ட நிறங்களின் பன்மையை ஏனோ மறந்துவிட்டோம்.

இன்றைய உலகத் தர நூல்களும் இதையே கூறுகின்றன. 1981ஆம் ஆண்டில் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட 'கோடெக்ஸ்' என்னும் சர்வதேச உணவு நியமம், தேனின் நிறம் ஏறத்தாழ நிறமின்மை முதல் கரும்பழுப்பு வரை வேறுபடலாம் என ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் தேனின் நிறத்தை அளக்க 'பஃபுண்ட்' அளவுகோல் என ஒன்றுண்டு. ஒருபுறம் மெலிந்து மறுபுறம் தடித்த ஆப்பு வடிவமான மஞ்சட் கண்ணாடியோடு தேனை ஒப்பிட்டு, அதன் நிறத்தை மில்லிமீற்றரில் கூறுவர். 8 மில்லிமீற்றருக்கு உட்பட்டது நீர்வெண்மை. 114க்கு மேற்பட்டது கருமஞ்சள். இடையிலே ஐந்து படிகள். இவ்வளவு நுட்பமாக நிறத்தை அளக்கும் அதே அமெரிக்கர், 1985ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள தமது தேன் தரப்பிரிப்பில், நிறம் தரத்தின் அங்கமன்று என்று எழுதி வைத்திருக்கின்றனர். ஈரப்பதன், சுவை, மாசின்மை, தெளிவு ஆகியவையே அங்கே தரத்தைத் தீர்மானிப்பன. நிறம் வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

நிறம் இயல்பாக மாறுவது ஒருபுறமிருக்க, அதை வேண்டுமென்றே ஆக்கவும் முடியும். சீனியை ஒரு சட்டியில் இட்டு நெருப்பில் வாட்டினால் சில நிமிடங்களில் பொன்னிறம் வரும், இன்னும் சிறிது பொறுத்தால் செந்நிறம், அதற்கப்பால் கருமை. எந்த நிறம் வேண்டுமோ அந்த இடத்தில் சட்டியை இறக்கினாற் போதும். தேனிலுள்ள பண்புகளுள் போலி செய்வதற்கு மிக எளியது நிறமே. மிக எளிதாகப் போலி செய்யக்கூடிய ஒன்றையே நாம் அசலுக்குச் சான்றாகக் கொண்டிருக்கிறோம்.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ நாட்டில் நீலக் கற்றாழை இனத் தாவரம் ஒன்றிலிருந்து 'தெக்கீலா' எனும் மதுவை வடிக்கின்றனர். மது நமக்கு விலக்கப்பட்டது. ஆயினும் அதை வாங்குவோர் ஏமாறும் விதத்திலிருந்து பாடம் பெறுவதில் தடையில்லை. வடித்தவுடன் அது நீர்போல் நிறமற்றிருக்கும். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம் ஓய்ந்தது ஒரு வகை; ஓராண்டு கிடந்தது அதனினும் உயர்ந்த வகை; மூன்றாண்டு கிடந்தது அதற்கும் மேல். மரத்தின் சாரம் இறங்க இறங்க நிறம் ஏறும். ஆகவே நிறம் முற்றியது முதிர்ந்தது என்று மக்கள் எண்ணினர். ஆனால் அந்நாட்டு விதிகளே, கருக்கிய சீனி நிறம், ஓக் சாரம் முதலியவற்றை எடையில் நூற்றுக்கு ஒரு பங்குவரை சேர்க்க இடமளிக்கின்றன. மரம் ஓராண்டில் தரும் நிறத்தைச் சட்டி ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகிறது. அதற்கு நேர்மாறாக, பீப்பாயில் முதிர்ந்ததையே கரியினால் வடிகட்டி நிறத்தை நீக்கி, நீர்போலத் தெளிவாக்கி, அதிக விலைக்கு விற்பதும் உண்டு. நிறமுள்ளது இளையதாகவும் நிறமற்றது முதியதாகவும் இருக்கக்கூடிய இடத்தில் நிறம் என்ன சாட்சி கூறும்? ஆகவே, விவரமறிந்தவர் அங்கே நிறத்தைப் பாராமல், நூறு வீதம் அந்தத் தாவரத்திலிருந்தே செய்யப்பட்டது என்ற குறிப்புப் போத்தலில் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். அக்குறிப்பு இல்லாதவிடத்து, மூலச் சர்க்கரையில் 51 வீதம் அத்தாவரத்தினதாக இருந்தாற் போதும். எஞ்சியது வேறு சர்க்கரையாக இருக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? மருதமுனைத் தறிகளில் நெய்த சாரத்தை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கடையிலே பளபளக்கும் நிறத்தை மட்டும் கண்டு அனுபவசாலி மயங்குவதில்லை. ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கிறார். இழையை எண்ணிப் பார்க்கிறார். எந்த வீட்டுத் தறி என்று விசாரிக்கிறார். துணியில் இவ்வளவு விழிப்புள்ள நாம் தேனில் மட்டும் வெயிலை நம்பியிருக்கிறோம்.

"நிறத்தை மட்டுமா பார்க்கிறோம்? வேறு பரீட்சைகளும் உண்டே" என்று நீங்கள் சொல்லக்கூடும். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு குவளை நீரில் ஒரு துளி விட்டால் நல்ல தேன் கரையாமல் அடியில் போய்ப் படியும் என்பர். தடிப்பான எந்தப் பாணியும் அப்படித்தான் படியும். மாறாக, மழைக்காலத்தில் எடுத்த நல்ல காட்டுத் தேன், நீர்த்தன்மை மிகுந்திருப்பதால் விரைவில் கரைந்துவிடும். கடதாசியில் விட்டால் ஊறாது, தீக்குச்சியில் தோய்த்தால் பற்றி எரியும் என்பனவும் இவ்வாறானவையே. அவை யாவும் ஈரப்பதனை ஓரளவு காட்டுமேயன்றி, அந்தத் தடிப்புத் தேனீயால் வந்ததா, அடுப்பால் வந்ததா என்பதைக் காட்டமாட்டா. அசல் தேனை எறும்பு மொய்க்காது என்பது வெறுங்கதை. இனிப்பைக் கண்டால் எறும்பு வரும். அதற்கு அசலும் போலியும் ஒன்றே.

உறைதலைப் பற்றியும் ஒரு பெருந்தவறு நிலவுகிறது. நல்ல தேன் ஒருபோதும் உறையாது; அடியில் வெள்ளையாகத் திரண்டால் அது சீனி கலந்தது என்பர். தேனில் பழச்சர்க்கரையாகிய பிரற்றோசும் குளுக்கோசும் உண்டு. குளுக்கோசு மிகுந்த தேன், குளிர்ந்த இடத்தில் வைத்தால், தூய்மையாக இருந்தாலும் மணல் போன்ற மென்மையான குருணைகளாக உறையும். அது இயற்கை. எங்கள் வீட்டுப் போத்தலில் கண்ட கற்கண்டுக் கட்டிகள் வேறு. அவை சீனியே மீண்டும் சீனியான கதை. ஆனால் அரிசி, சோளம் முதலியவற்றிலிருந்து செய்யும் பாணிகளைக் கலந்த தேன் பல மாதமும் உறையாமல் கிடக்கலாம். ஆகவே உறைவதைக் கொண்டு மட்டும் தண்டிப்பதும் உறையாததைக் கொண்டு மட்டும் புகழ்வதும் நீதியாகா.

அப்படியானால் உண்மையை அறிய வழியே இல்லையா? உண்டு, ஆனால் அது ஆய்வுகூடத்தில் இருக்கிறது. கோடெக்ஸ் நியமப்படி பூந்தேனில் ஈரப்பதன் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. பிரற்றோசும் குளுக்கோசும் சேர்ந்து 60 பங்குக்குக் குறையலாகாது. சாதாரணச் சீனியாகிய சுக்குரோசு பொதுவாக 5 பங்குக்கு மேற்படலாகாது. காய்ச்சியதையும் நாட்பட்டதையும் காட்டிக்கொடுக்கும் எச்.எம்.எப். என்னும் பொருள் கிலோகிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் தேனுக்கு 80 வரை சலுகை உண்டு.

சீனிப்பாணியில் தேசிக்காய்ப் புளி போன்ற அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சினால், சுக்குரோசு பிளந்து தேனிலுள்ள அதே இரு சர்க்கரைகளாகிவிடும். அப்போது சர்க்கரையை அளப்பது மட்டும் போதாது. அவ்விதம் காய்ச்சும்போது பிறக்கும் எச்.எம்.எப். பொருளைக் கண்டறிய ஒரு பழைய சோதனை உண்டு. தேனை ஈதரில் கலக்கிப் பிரித்தெடுத்து, அதன்மேல் ரெசோசினோல் கலந்த ஐதரோகுளோரிக் அமிலத்தை இடுவர். செந்நிறம் தோன்றினால் ஐயத்துக்கு இடமுண்டு. மாப்பொருள் கலந்திருந்தால் அயடீன் நீல நிறம் காட்டும். இங்கே நிறமே சாட்சி கூறுகிறது என்பது உண்மைதான். ஆனால் இரசாயன ஆய்வாளர் தேனின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறவில்லை. திட்டமான ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு நிறத்தின் வாயிலாக விடை பெறுகிறார்.

காபன் சமதானிச் சோதனை 1970களின் பிற்பகுதியில் தேனுக்குப் பயன்படத் தொடங்கியது. கரும்பும் சோளமும் காற்றிலிருந்து காபனை எடுக்கும் முறை ஒன்று. தேனீ நாடும் பெரும்பாலான பூமரங்கள் எடுக்கும் முறை மற்றொன்று. அந்த வேறுபாடு சர்க்கரையிலும் பதிந்திருப்பதால், கருப்பஞ்சீனி கலந்த தேன் அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் நெற்பயிரோ பூமரங்களின் முறையையே பின்பற்றுகிறது. ஆகவே அரிசிப் பாணியைக் கலந்தவர் இச்சோதனையிலிருந்து தப்பினர். அவர்களைப் பிடிக்கக் கருக்காந்தப் பரிவுச் சோதனை வந்தது. 2020 திசெம்பரில் புதுதில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் இந்தியச் சந்தையின் 13 வணிகப் பெயர்களிலான தேனைச் சோதித்து, மூன்று மட்டுமே இந்தச் சோதனையில் தேறின என்று அறிவித்தது. உற்பத்தியாளர் அதனை மறுத்துரைத்தனர். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான தேனில் எடுத்த 320 மாதிரிகளுள் 147, அதாவது 46 வீதம், கலப்படமெனச் சந்தேகிக்கப்பட்டன. அவையெல்லாம் பார்வைக்குப் பொன்போல ஒளிவிட்ட தேன்களே. கருவிகளே தடுமாறும் இடத்தில் கண் தனியே என்ன செய்ய முடியும்?

இதனால் விளையும் நட்டம் காசு மட்டுமன்று. நம் ஊர்களில் தேன் உணவு என்பதைக் காட்டிலும் மருந்தென்றே மதிக்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர் சிலர், "கறுத்த அசல் தேன்; இது சீனியைக் கூட்டாது" என்ற நம்பிக்கையில் கரண்டி கரண்டியாக உண்கின்றனர். அசல் தேனிலும் பெரும்பங்கு சர்க்கரையே. குருதியிலுள்ள சீனியின் அளவை அது கூட்டவே செய்யும். போலியானால் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. இங்கே நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும், எவ்வளவு தூய தேனும், ஒரு துளியும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் வளர்ந்தோரின் குடலில் செயலற்றுப் போகும்; சிசுவின் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முதலில் அடையாளங் காணப்பட்டது. அசலா போலியா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

இன்னொரு நட்டமும் உண்டு. அது விற்பவரின் நேர்மைக்கு நேரும் நட்டம். இப்போது அந்தப் பொத்துவில் மனிதரின் கதைக்கு வருகிறேன்.

மறு ஆண்டு அவர் வந்தபோது கொண்டு வந்த தேன் கருஞ்சிவப்பாக இருந்தது. மூத்தம்மா வெயிலில் பிடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "பார்த்தாயா, இதுதான் தேன்" என்று சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்தார். உம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். அவர் குடித்தார், காசை மடியில் முடிந்துகொண்டார், படலைவரை போனவர் திரும்பி வந்தார்.

"உம்மா, போன வருசம் நான் கொண்டு வந்தது கலப்பில்லாத தேன். நீங்கள் மட்டுமில்லை, இந்தத் தெருவில் ஒருவரும் அதை வாங்கவில்லை. நான்கு போத்தலையும் திருப்பிக்கொண்டு போனேன். இந்த வருசமும் அதே நிறத்தில்தான் கிடைத்தது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்சம் சீனியைக் கருக்கிச் சேர்த்தேன். தேன்தான்; ஆனால் நிறம் என்னுடையது" என்றார். மடியை அவிழ்த்துக் காசை நீட்டினார்.

மூத்தம்மா நெடுநேரம் பேசவில்லை. காசைத் திரும்ப வாங்கவுமில்லை. "இனிமேல் காடு தருகிற நிறத்திலேயே கொண்டுவா. நான் வாங்குகிறேன்" என்று மட்டும் சொன்னார். அவர் மறைந்த ஆண்டுவரை அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டு வந்தார். ஒரு முறை வைக்கோல் நிறம். ஒரு முறை செம்பின் நிறம். ஒரு முறை கரும்பழுப்பு. அதன் பின்னர் மூத்தம்மா போத்தலை வெயிலில் பிடிக்கவில்லை. "எந்தப் பக்கத்துக் காடு? என்ன பூத்திருந்தது?" என்று கேட்பார். அவர் விடை சொல்வார். பாதி வியாபாரமும் பாதி காட்டுக் கதையுமாக அரை நாள் போய்விடும்.

நேயர்களே, நாம் நிறத்துக்குக் காசு கொடுத்தால் சந்தைக்கு நிறமே வரும். தேனை எடுப்பவர் உயிரைப் பணயம் வைத்து மரமேறுகிறார். பெருந்தேனீயின் கொடுக்குக்கும் காட்டு யானைக்கும் தப்பி வருகிறார். அவர் உண்மையோடு வந்தால் வாசலிலே திருப்பியனுப்புகிறோம். சாயத்தோடு வந்தால் இருத்தித் தேநீர் கொடுக்கிறோம். கலப்படத்தைக் கடியும் நாமே, நம்மை அறியாமல் கலப்படத்துக்கு ஆசிரியர்களாகிவிடுகிறோம்.

ஆதலால் தேன் வாங்கும்போது சில கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்தக் காட்டில், எந்தத் திங்களில் எடுத்தது? எவ்வகைத் தேனீயினது? வதையைத் தொங்கவிட்டு வடித்ததா, பிழிந்ததா? அடுப்பில் வைத்ததா? உண்மையாக எடுத்தவருக்கு இவற்றுக்கு விடை உண்டு. இடைத்தரகர் பெரும்பாலும் தடுமாறுவார். இயலுமானால் வதையோடு வாங்குங்கள். முதன்முறை சிறிய அளவில் வாங்கி, முகர்ந்தும் சுவைத்தும் பாருங்கள். மலரின் மணமும் தொண்டையில் மெல்லிய காரமும் நல்ல அறிகுறிகள். கருகிய சீனியின் வாடை தீய அறிகுறி. இவையும் முடிந்த முடிபுகள் அல்ல என்பதை மறவாதீர்கள். ஆண்டுதோறும் ஒருவரிடமே வாங்கினால் அவருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு பொறுப்பு வளரும். அது எந்தப் பரீட்சையினும் வலியது. ஐயம் பெரிதாயின், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிட்டால், மாதிரி எடுத்து அரச இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டபோது, மேற்புறத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், அதனுள்ளே கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். அந்த நிகழ்ச்சியில் விற்பவருக்கு ஓர் எச்சரிக்கை இருப்பதுபோல, வாங்குபவருக்கும் ஒரு முறை கற்பிக்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பிலே கண்ணை நிறுத்திவிடாமல், உள்ளே கையை விட்டுப் பார்ப்பதே அந்த முறை.

அடுத்த முறை கல்முனைச் சந்தையில் தேன் போத்தலொன்றைக் கையில் எடுக்கும்போது, அதை வெயிலுக்கு உயர்த்துவதற்கு முன் விற்பவரின் முகத்தைப் பார்த்து, "எந்தப் பக்கத்துக் காடு?" என்று கேட்டுப் பாருங்கள்.